காசுக்கு மார்க் போடக் காசு கொடுக்கலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து தம்பி மகன் போன மாதம் வந்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் பிரித்தான். ஏழு வெள்ளி ரூபாய்கள். ஏழிலும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகம். ஐந்து 1918, ஒன்று 1917, ஒன்று 1919. எங்கள் ஆச்சியின் பூஜை அலமாரியில் மஞ்சள் துணியில் முடிந்து கிடந்த காசுகள். ஆச்சி போய் இருபது வருடமாகிறது. துணி நைந்துவிட்டது, காசு இருக்கிறது.

“பெரியப்பா, இதை அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் வாங்கினா ஒண்ணொண்ணும் லட்சத்துக்குப் போகுமாம். வீடியோல சொல்றாங்க. ஒரு காசுக்கு மூவாயிரம், நாலாயிரம் செலவாகும். கட்டிரலாமா?”

ஒன்றை விளிம்பில் பிடித்து மேசை விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்தேன். அச்சடித்த நாளிலிருந்து அதிகம் கைபடாத வெள்ளிக் காசை இப்படிச் சாய்த்தால், ஒளி அதன் முகத்தில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலச் சுழலும். அச்சின் அழுத்தத்தில் உலோகம் விளிம்பு நோக்கி ஓடும்போது விழுகிற மிக நுண்ணிய வரிகள் செய்யும் வேலை அது. சேகரிப்பாளர்கள் ‘லஸ்டர்’ என்பார்கள். ஆச்சியின் காசில் சக்கரம் சுழலவில்லை. தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம் போல ஒரே வெள்ளையாக மினுங்கியது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் மன்னரின் கன்னத்திலும் கழுத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்திலும் முடி போன்ற கோடுகள், வட்ட வட்டமாக, நூற்றுக்கணக்கில். ஆடி வெள்ளிக்கும் தை வெள்ளிக்கும் ஆச்சி விபூதி தொட்டுத் தேய்த்த விரல் போன வழி அது.

“அனுப்ப வேண்டாம்ப்பா” என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. வாடாமல் என்ன செய்யும்? அதே வாரத்தில்தான் என்னுடைய ஒரே ஒரு ரூபாய்க்காக ஏறக்குறைய நாலாயிரம் செலவழித்து அமெரிக்க முடிவை வரவழைத்திருந்தேன். அந்தக் கவர் அவன் கண்ணெதிரிலேயே அலமாரியில் இருந்தது. பெரியப்பாவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா என்று கேட்காமல் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். பழைய காசு வைத்திருக்கும் எத்தனையோ வீடுகளில் இன்று இதே கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்றிலிருந்து எழுபது வரை

கிரேடிங் என்பது இதுதான். காசை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள், கட்டணம் வாங்கிக்கொண்டு அதைப் பரிசோதிக்கிறார். அசலா போலியா, யாராவது கைவைத்திருக்கிறார்களா, எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிறார். பிறகு 1 முதல் 70 வரை ஓர் எண் கொடுத்து, தெளிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒலியலையால் ஒட்டி மூடிவிடுகிறார். சேகரிப்பாளர்கள் அதை ‘ஸ்லாப்’ என்பார்கள். 60-உம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. 70 என்றால் ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறையில்லாத காசு. சுத்தம் செய்யப்பட்டது, கீறல் விழுந்தது, வளையம் பற்றவைத்து எடுத்தது என்றால் எண் கிடையாது. என்ன குறை என்பதைச் சீட்டில் அச்சிட்டு விடுவார்கள். ‘டீடெயில்ஸ்’ விழுந்துவிட்டது என்று வியாபாரிகள் சொல்வது இதைத்தான். ஆச்சியின் ஏழு ரூபாய்க்கும் அதுதான் விழும்.

இந்த எழுபது எங்கிருந்து வந்தது என்பது ஒரு கதை. வில்லியம் ஷெல்டன் என்று அமெரிக்காவில் ஓர் உளவியலாளர் இருந்தார். மனிதர்களை உடல்வாகை வைத்து மூன்று வகையாகப் பிரித்துப் பெயர் வாங்கியவர். அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட் காசுகள் என்றால் அவருக்கு உயிர். 1949-ல் அவற்றைப் பற்றி ஒரு நூல் எழுதினார். என்ன காசு என்று கண்டுபிடிக்க மட்டும் முடிகிற அளவுக்குத் தேய்ந்ததை 1 என்று வைத்தால், அப்பழுக்கில்லாதது 70 மடங்கு விலை போகும் என்பது அவர் கணக்கு. 1794-ஆம் ஆண்டு சென்ட்டின் அன்றைய சந்தை விலையைப் பார்த்துப் போட்ட கணக்கு அது. அந்த விலைகள் சில ஆண்டுகளிலேயே மாறிவிட்டன. எண்கள் மட்டும் நின்றுவிட்டன.

ஷெல்டன் 1977-ல் இறந்தார். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேமிப்பிலிருந்த உயர்ந்த சென்ட் காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன்னுடைய மட்டமான காசுகளை வைத்திருந்தார் என்பது அதற்குப் பிறகு வெளியே வந்தது. உலகமே இன்று பயன்படுத்தும் தர அளவுகோலை வகுத்தவர், தரத்தை வைத்தே ஏமாற்றியிருக்கிறார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காசை ஆழமாக நேசித்த ஒருவர்கூட நல்லதைக் கண்டதும் கை நீட்டிவிடுகிறார் என்றால், பணம் மட்டுமே குறியாக இருக்கும் சந்தையில் யாரை நம்புவது?

அந்த நம்பிக்கைக் குறைதான் கிரேடிங் என்ற தொழிலைப் பெற்றெடுத்தது. அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972-ல் அசல், போலி பார்த்துச் சொல்லும் சேவையைத் தொடங்கியது. அப்போதும் தரத்தை விற்பவர்தான் சொன்னார். வாங்கும்போது “கொஞ்சம் புழங்கியிருக்கே” என்று இழுத்தவரே விற்கும்போது “புத்தம் புதுசு” என்பார். இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் டேவிட் ஹால் முதலான சில வியாபாரிகள் சேர்ந்து பி.சி.ஜி.எஸ். நிறுவனத்தை உருவாக்கினார்கள். 1986-ல் அது வேலையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே என்.ஜி.சி. வந்தது. இன்று நம் ஊர் ஏலக் கையேடுகளிலும் இந்த இரண்டு பெயர்கள்தான் அடிக்கடி கண்ணில் படும்.

டாலரை உருக்கி அடித்த ரூபாய்

தம்பி மகனுக்கு ஏமாற்றம் தந்த 1918-க்கு வருகிறேன். அந்த ரூபாயின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அதற்கு ஏன் லட்சம் கிடைக்காது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்து பிரிட்டன் வாங்கிக் குவித்த சரக்குக்கெல்லாம் இங்கே வெள்ளியில் பணம் தர வேண்டியிருந்தது. நோட்டை நீட்டினால் ஜனங்கள் நம்பவில்லை. மாற்றி வெள்ளி கொடு என்று கருவூலத்தின் முன் நின்றார்கள். கையிருப்பு கரைந்தது. பிரிட்டன் அமெரிக்காவிடம் கையேந்தியது. 1918 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் பிட்மன் சட்டத்தை நிறைவேற்றியது. கருவூலத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்த வெள்ளி டாலர்களில் 27 கோடிக்கு மேல் உருக்கப்பட்டன. அதில் ஏறக்குறைய 26 கோடி டாலர்களின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, கப்பலேறி இந்தியா வந்து ரூபாயானது. கல்கத்தா, பம்பாய் இரண்டு நாணயச்சாலைகளிலும் சேர்த்து 1918 என்று ஆண்டு போட்டு அடித்தது மட்டும் 40 கோடிக்கு மேல்.

ஆச்சியின் மஞ்சள் துணிக்குள் இருந்த ரூபாயில் கலிஃபோர்னியாவிலோ நியூ ஆர்லியன்ஸிலோ அடித்த டாலரின் வெள்ளி கலந்திருக்கலாம். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கும். ஆனால் சந்தை சிலிர்ப்புக்குப் பணம் தராது. 40 கோடி அடித்த காசு, அதுவும் தேய்த்து மெருகேற்றிய காசு, தன்னிடமுள்ள வெள்ளிக்கு மேல் கொஞ்சம்தான் பெறும். ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி என்பதால் சுத்த வெள்ளி 10.69 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அதன் அடிவிலை கையில் வந்துவிடும். அமெரிக்காவில் கிரேடிங் கட்டணம் மலிவான பிரிவிலேயே 20 டாலரைத் தாண்டும். காசின் மதிப்பு கூடக் கூடக் கட்டணமும் கூடும். தபால், காப்பீடு, சேர்த்து அனுப்பும் வியாபாரியின் கூலி எல்லாம் அதற்கு மேல். அத்தனையும் கொட்டி அழுதுவிட்டு, ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதிய பெட்டியில் அதே காசைத் திரும்ப வாங்குவதில் என்ன இருக்கிறது?

இன்னொரு பக்கமும் உண்டு. உருகாமல் தப்பித்த அந்த அமெரிக்க டாலர்கள் இருக்கின்றனவே, மார்கன் டாலர்கள், கிரேடிங் தொழில் செழித்ததே அவற்றின் முதுகில்தான். சான் பிரான்சிஸ்கோவில் 1884-ல் அடித்த மார்கன் டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். புழங்கித் தேய்ந்தது சில பத்து டாலருக்குக் கிடைக்கும். புழங்காமல் உயர்ந்த நிலையில் தப்பித்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்த நிலையில் ஒன்று கிடைத்தால் லட்சம் டாலருக்கு மேல். அச்சு ஒன்று, வெள்ளி ஒன்று, ஆண்டும் ஒன்று. வித்தியாசம் மன்னிக்க முடியாத அளவுக்குச் சிறியது, கன்ன மேட்டில் ஒரு மெல்லிய தேய்மானம். அப்படிப்பட்ட காசில் ஓர் எண் மேலே போவதும் கீழே வருவதும் ஒரு வீட்டின் விலை. அங்கே கட்டணத்தைப் பற்றி யாரும் யோசிக்கவே மாட்டார்கள், யோசிக்கவும் கூடாது.

எண் மேல் வந்த மயக்கம்

எண்ணை நம்பிக் கெட்டவர்களும் இருக்கிறார்கள். பெட்டியில் எண் இருந்தால் போதும், காசைப் பார்க்காமலேயே வாங்கலாம் என்ற நிலை 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் வந்தது. பங்குச் சந்தையின் பெரிய நிறுவனங்கள்கூட அபூர்வ நாணயங்களுக்கென்று நிதிகள் தொடங்கின. விலை ஏறிக்கொண்டே போனது. 1989-ல் உச்சத்தைத் தொட்டுச் சரிந்தது. அபூர்வம் என்று வாங்கிய காசுகள், பெட்டிக்குள் வர வர, அப்படியொன்றும் அபூர்வமில்லை என்று தெரிந்துவிட்டது. எத்தனை காசுக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற பட்டியலை நிறுவனங்களே வெளியிடுகின்றன. இன்று பத்துப் பேருக்குக் கிடைத்த 70 அடுத்த ஆண்டு ஆயிரம் பேருக்குக் கிடைக்கலாம். புதிதாக வெளிவரும் நினைவு நாணயங்களை 70 எண்ணுக்காக அதிக விலை கொடுத்து வாங்குகிறவர்களிடம் நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது, அந்தப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிட்டு வாங்குங்கள் என்பதுதான்.

எண்ணைக் கொடுப்பதும் மனிதர்தான். பெரும்பாலான காசுகளை ஒரு நிமிடம்கூடக் கையில் வைத்திருக்க மாட்டார்கள். இரண்டு மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து ஒத்துப்போனால் அதுவே எண். 64 கிடைத்த காசைப் பெட்டியை உடைத்து எடுத்து மறுபடி அனுப்பினால் 65 வருவதுண்டு. அமெரிக்க வியாபாரிகளில் சிலருக்கு இதுவே பிழைப்பு. என்.ஜி.சி. தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் அல்பனீஸே 2007-ல் சி.ஏ.சி. என்று இன்னொரு நிறுவனம் தொடங்கி, ஏற்கெனவே தரம் போட்ட பெட்டிகளைப் பார்த்து, ‘இந்த எண்ணுக்கு இது தகும்’ என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார். தரத்துக்கே தரம் பார்க்க ஆள் தேவைப்பட்டது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

பெட்டியும் போலியாக வருகிறது. 2008 வாக்கில் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. பெட்டிகளையே அச்சாக நகலெடுத்து, உள்ளே போலிக் காசை வைத்து இணையத்தில் விற்றது அம்பலமானது. பெட்டியிலிருக்கும் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே தெரியும் படமும் கையிலிருக்கும் காசும் கீறலுக்குக் கீறல் ஒன்றுதானா என்று பார்க்காமல் யாரும் பணம் கொடுத்துவிடக் கூடாது.

என் 1939

என்னுடைய கவர் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939 வெள்ளி ரூபாய், பிரிட்டிஷ் இந்தியக் காசு சேர்ப்பவர்களின் கனவு. பழைய உயர்தர வெள்ளியில் வந்த கடைசி ரூபாய் அது. போர் தொடங்கியதும் 1940-ல் வெள்ளி அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1938 என்று ஆண்டு போட்டது தாராளமாகக் கிடைக்கும். 1939 அரிதிலும் அரிது. கடைசி எண்ணில்தான் அத்தனை பணமும் இருக்கிறது என்றால், கடைசி எண்ணில் கைவைக்க ஆள் வராமல் இருப்பார்களா?

நாற்பது வருடத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு பழைய பொருள் வியாபாரியிடம் அதை வாங்கினேன். மாதச் சம்பளத்தில் பாதி. வீட்டில் சொல்லவில்லை. எடை சரியாக இருந்தது, சத்தம் சரியாக இருந்தது, வெள்ளியும் சரி. இருக்காதா பின்னே? அசல் நாணயச்சாலையில் அடித்த அசல் வெள்ளி ரூபாய்தானே! சேகரிப்பாளர் நண்பர்கள் வந்தால் அதைக் கடைசியாகத்தான் எடுத்துக் காட்டுவேன். ஒருவர் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். அந்த மௌனம் என்னை நாற்பது வருடம் அரித்தது. அரித்தும், பரிசோதனைக்கு அனுப்ப மனம் வரவில்லை. போலி என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

சென்ற வருடம் துணிந்தேன். மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் ஒருவர் மூலம் போனது. மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது கனமான பெட்டி இல்லை. சின்ன பிளாஸ்டிக் உறைக்குள் என் ரூபாய். கூடவே ஒரு சீட்டு. ஆண்டு மாற்றப்பட்டது என்று ஒரே ஒரு வரி. தரம் போடாவிட்டாலும் கட்டணம் கட்டணம்தான், திரும்ப வராது.

அன்றிரவு இருபது மடங்கு லென்ஸை வைத்து அந்த 9-ஐப் பார்த்தேன். நாற்பது வருடமாகக் கண்ணில் படாதது அப்போது பட்டது. 8-இன் கீழ்வட்டத்தின் இடப்பக்கத்தை யாரோ நுண்ணிய உளியால் சீவி எடுத்திருக்கிறார்கள். சீவிய இடத்தில் வெள்ளி மட்டும் கொஞ்சம் மங்கல். சுற்றிலும் ஓடும் இயல்பான வரிகள் அங்கே வந்ததும் அறுந்து, சிறிது தள்ளி மறுபடி தொடர்கின்றன. சீவியவன் கைதேர்ந்தவன். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்திருக்கிறான்.

கிரேடிங்குக்கு நான் இதுவரை கொடுத்த பணத்தில் மிகச் சரியாகச் செலவானது அந்த நாலாயிரம்தான் என்று உறுதியாகச் சொல்வேன். அது எனக்கு எண் எதையும் தரவில்லை. நாற்பது வருடச் சந்தேகத்தைத் தீர்த்தது. அந்தக் காசை என் பிள்ளைகள் நாளை இன்னொருவர் தலையில் தெரியாமல் கட்டுவதையும் தடுத்தது. தம்பி மகனுக்கு நான் வேண்டாமென்று சொன்னதும், எனக்கு நானே வேண்டுமென்று சொல்லிக்கொண்டதும் இந்த ஒரே கணக்கில்தான். ஆச்சியின் ரூபாயில் சந்தேகம் எதுவும் இல்லை. அசல்தான், தேய்த்ததுதான், ஏராளமாகக் கிடைப்பதுதான். தெரிந்த பதிலை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கடல் தாண்டக் கூடாத காசு

ஆச்சியின் காசை அனுப்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இதைக் கேட்டால் பலரும் திடுக்கிடுகிறார்கள். 1972-ஆம் ஆண்டின் பழம்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டு ஆன எந்தக் காசும் பழம்பொருள்தான். பழம்பொருளை நாட்டை விட்டு வெளியே அனுப்ப மத்திய அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் மட்டுமே உரிமை. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, மூன்றாண்டு வரை போகலாம். அபராதம் தனி. 1917, 1918, 1919 மூன்றுமே நூறைத் தாண்டிவிட்டன. என் 1939 இன்னும் தாண்டவில்லை, அதனால் போய் வந்தது.

1911 ரூபாயை ஆசை ஆசையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாய் அது. மன்னரின் அங்கியில் பொறித்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று முஸ்லிம்கள் கொதித்ததால் அரசு அதைத் திரும்பப் பெற்று, 1912-ல் யானையைத் திருத்தி அடித்தது. சேகரிப்பாளர்களிடம் அதற்குப் ‘பன்றி ரூபாய்’ என்றே பெயர். அதற்குத் தரம் வாங்க வேண்டும் என்று யாராவது கேட்டால், அனுப்பித் தருகிறேன் என்பவரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள் என்பேன். காசு எந்த நாட்டு மண்ணில் வைத்துப் பரிசோதிக்கப்படும்? ‘அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் சார்’ என்று பதில் வந்தால் காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவதே நல்லது.

நம் மண்ணின் பழங்காசுகளுக்கு இந்த எழுபது எண் பொருந்தவும் பொருந்தாது. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசு சுத்தியலால் அடித்தது. நின்றிருக்கும் உருவம் ஒன்றில் நடுவில் விழும், இன்னொன்றில் தலை விளிம்புக்கு வெளியே போயிருக்கும். யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகளின் ‘சேது’ காசும் அப்படித்தான். பழங்காசுகளுக்கென்று என்.ஜி.சி. தனிப் பிரிவு வைத்து, அச்சுப் பதிவுக்கும் மேற்பரப்புக்கும் ஐந்துக்கு இத்தனை என்று தனித்தனி மார்க் போடுகிறது. ஆனால் நவீனக் காசுகளின் அசல்தன்மைக்குத் தரும் உத்தரவாதத்தைப் பழங்காசுக்கு அது தருவதில்லை. அங்கே கிடைப்பது நிபுணர் கருத்து. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகளைப் படித்துச் சங்ககாலத்தை எழுதியவர்கள் எண்ணைப் பார்த்து எழுதவில்லை. எழுத்தையும் சின்னத்தையும் எடையையும் கிடைத்த இடத்தையும் பார்த்து எழுதினார்கள். சங்ககாலப் பாண்டியர் காசில் பெருவழுதி என்ற பெயரைப் படித்து உலகுக்குச் சொன்ன இரா. கிருஷ்ணமூர்த்தி நாளிதழ் ஆசிரியராக இருந்தவர். பொறுமையும் கண்ணும்தான் அவருடைய கருவிகள்.

காது வைத்த காசு

தங்கத்தில் கணக்கு வேறு. நம் வீடுகளில் பவுன் என்றும் சவரன் என்றும் சொல்வதே இங்கிலாந்தின் சாவரின் காசிலிருந்து வந்ததுதான். எடை 7.988 கிராம், 22 காரட். 1918-ல் பம்பாயிலேயே சாவரின் அடித்தார்கள். ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து அதன் அடையாளம். காசுமாலையில் கோத்த சாவரினைப் பிரித்தெடுத்து, ‘விக்டோரியா காலத்துக் காசு, கிரேடிங் போடலாமா’ என்று கேட்டு வருகிறார்கள். விளிம்பைப் பாருங்கள். காது பற்றவைத்த இடத்தில் பொடிவைத்த தடம் இருக்கும், எத்தனை அரம் போட்டாலும் அது மறையாது. அதற்கு எண் வராது. தங்கத்தின் விலைக்கு அது விலை போகும், அதில் குறைவொன்றும் இல்லை. பாட்டியின் கழுத்தில் கிடந்த மாலையைக் காசு காசாகப் பிரிக்காமல் வைத்திருங்கள் என்றுதான் என் மனம் சொல்கிறது.

நகைக்கடையில் டச் பார்க்கிறேன் என்று பழங்காசை உரைகல்லில் உரசிவிடுவார்கள். ஒரே ஓர் உரசல் போதும், சேகரிப்பாளரின் கண்ணில் அந்தக் காசு செத்துவிடும். இப்போது பல கடைகளில் கதிர் பாய்ச்சிப் பார்க்கும் கருவி இருக்கிறது, காசைத் தொடாமலே சொல்லிவிடும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வெள்ளி ரூபாய்க்கு அதுவும் வேண்டாம், வீட்டிலேயே பார்க்கலாம். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். உயர்தர வெள்ளி ரூபாயானால் தராசு 1.13 கிராமை ஒட்டிக் காட்டும். 1.3-க்கு மேல் போனால் உள்ளே வேறு உலோகம். பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ்தான், இத்தனை வயதில் எனக்கு எவ்வளவோ முறை பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். கிரேடிங்குக்கு எடுத்துவைத்த முதல் நாலாயிரத்தில் ஒரு நல்ல பத்து மடங்கு லென்ஸ், இந்தத் தராசு, நீங்கள் சேர்க்கும் காசு வகையைப் பற்றிய ஒரு விலைப்பட்டியல் நூல் ஆகியவற்றை வாங்குங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் மன்றாடுவேன். வாங்கிய பிறகும் பிடிபடாத காசு ஒன்றிரண்டு மிஞ்சும். அவற்றின் விலையும் பெரிதாக இருந்தால் அப்போது அனுப்புங்கள்.

வைஷ்ணவ தேவி படம் போட்ட 2012-ஆம் ஆண்டு ஐந்து ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முன்பணமாகக் கமிஷன் கட்டுங்கள் என்று வரும் அழைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது. பழைய காசு, நோட்டு வாங்குவது விற்பதில் அதற்குத் தொடர்பில்லை, யாரிடமும் அது கட்டணம் கேட்பதில்லை. ஃபோனை வைத்துவிடுங்கள்.

ஒரு நண்பரின் பீரோ

கிரேடிங் வேண்டும் என்று நான் முழு மனதோடு சொல்கிற இடம் ஒன்று உண்டு. அதை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு சாவு.

நண்பர் ஒருவர் முப்பது வருடம் வில்லியம், விக்டோரியா ரூபாய்களைச் சேர்த்தவர். 1835 முதல் ஒன்று விடாமல் தேடியவர். 1862 என்று ஆண்டு போட்ட ரூபாயில் பின்னால் வந்த வருடங்களைக் காட்ட பம்பாய் நாணயச்சாலை வைத்த சின்னஞ்சிறு புள்ளிகளை எண்ணி எண்ணிப் பிரித்து வைத்திருந்தார். எந்தப் புள்ளிக் கணக்கு அரிது, எது சாதாரணம் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. எழுதி வைக்கவில்லை. திடீரென்று போய்விட்டார். ஆறு மாதம் கழித்து நான் போனபோது அவர் மனைவி சொன்னார், “அண்ணே, மகளோட காலேஜ் ஃபீஸுக்கு அந்த வெள்ளிக் காசையெல்லாம் எடைக்குப் போட்டுட்டேன். எடை நல்லாவே இருந்துச்சு.” நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி அந்தம்மாவை நோகடித்து என்ன ஆகப்போகிறது? காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சேர்த்தவர் இருக்கும்வரை காசுக்காக அவர் பேசுவார். அவர் போன பிறகு அதுவாகப் பேச ஏதாவது வேண்டும். சட்டம் அனுமதிக்கிற, மதிப்புள்ள நாலைந்து காசுகளையாவது தரம் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டால், காசைப் பற்றி ஒன்றும் தெரியாத மகளும் சீட்டைப் படித்து விலை கேட்க முடியும். முடியாதவற்றுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாங்கிய தேதி, கொடுத்த விலை, என்ன காசு, ஏன் முக்கியம். நாலு வரி.

தம்பி மகன் அன்று மாலை ரயிலுக்குக் கிளம்புமுன் இருவரும் உட்கார்ந்து ஏழு ரூபாயையும் எடை போட்டோம், தண்ணீரில் தொங்கவிட்டோம். ஏழும் அசல். பிளாஸ்டிக் உறை வேண்டாம், மலிவான பிளாஸ்டிக் நாளடைவில் பச்சையாகக் கசிந்து காசை அரிக்கும் என்று சொல்லி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டுக் கொடுத்தேன். ஐந்து 1918-இல் இரண்டில் பின்பக்கத் தாமரைக்குக் கீழே புள்ளி இருந்தது. பம்பாய். மற்ற மூன்றிலும் இல்லை, கல்கத்தா. லென்ஸில் புள்ளியைக் கண்டுபிடித்தது அவன்தான். கண்டதும் குரல் மாறிவிட்டது. “பெரியப்பா, இங்க பாருங்க, இருக்கு!”

உறைகளில் என்ன எழுதுவது என்று கேட்டான். ஆண்டு, நாணயச்சாலை, எடை என்று சொன்னேன். எழுதினான். ஏழாவது உறையில் மட்டும் நான் சொல்லாத ஒரு வரியைச் சேர்த்து எழுதியிருந்ததை அவன் போன பிறகு அனுப்பிய படத்தில்தான் பார்த்தேன்.

‘ஆச்சி தேய்த்தது.’